சொல்லின் வயது சொல்லும் சீட்டுகள்

1879-இல், லண்டனுக்கு அருகே மில் ஹில் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மரேயிடம் சுமார் இரண்டு டன் காகிதம் வந்து இறங்கியது. அத்தனையும் துண்டுச் சீட்டுகள். ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் எலி குட்டி போட்டிருந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியை இந்தக் குவியலிலிருந்துதான் அவர் எழுப்ப வேண்டியிருந்தது.

மரே ஸ்காட்லாந்தின் டென்ஹோம் கிராமத்துத் தையற்காரரின் மகன். பள்ளிப் படிப்பு 14 வயதோடு நின்றுவிட்டது. வாத்தியார் வேலை, வங்கி எழுத்தர் வேலை என்று போன நாட்களில் தாமாகவே பல மொழிகளைக் கற்றார். தென் ஸ்காட்லாந்தின் வட்டார வழக்கைப் பற்றி 1873-இல் அவர் வெளியிட்ட நூலை மொழி அறிஞர்கள் மதித்தார்கள்.

ஒரு சொல்லின் வரலாற்றை அவர் கண்டறிந்த முறை இதுதான். தன்னார்வலர் ஒருவர் பழைய நூலைப் படிப்பார். குறித்துக்கொள்ளத்தக்க சொல் வந்ததும் சீட்டின் இடது மேல் மூலையில் அதை எழுதுவார். ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம் ஆகியவற்றோடு சொல் வரும் வாக்கியத்தையும் அப்படியே பெயர்த்தெழுதி அனுப்புவார். மரேயின் தோட்டத்து இரும்புக் கொட்டகையில் 1,029 அறைகள் கொண்ட மரப்பலகைத் தட்டுகள் இருந்தன. சீட்டுகள் அங்கே முதலில் அகரவரிசைப்படி பிரியும். அப்புறம் பொருள்வாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கப்படும்.

'சில்லி' (silly) என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய வடிவத்துக்குப் 'பாக்கியம் பெற்ற' என்று பொருள். காலப்போக்கில் அது 'அப்பாவி' ஆகி, 'பரிதாபத்துக்குரிய' ஆகி, கடைசியில் 'அசட்டுத்தனமான' என்று ஆனது. எந்த ஒரு வாக்கியத்திலும் இந்த மாற்றம் தெரியாது. நூற்றாண்டுகளின் சீட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பினால்தான் ஒரு பொருள் இன்னொன்றாக நகர்வது கண்ணுக்குப் புலப்படும். அகராதிக்காரர் பொருளைத் தீர்மானிப்பதில்லை, வாக்கியங்களிலிருந்து படித்தெடுக்கிறார். முதல் சீட்டின் ஆண்டும் சொல் பிறந்த ஆண்டல்ல. கிடைத்த எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது, அவ்வளவே. மக்கள் வாயில் அது அதற்கு முன்பே புழங்கியிருக்கும்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வழக்கொழிந்த 'அபியூஷன்' (abusion) என்ற சொல்லுக்குச் சுமார் 50 சீட்டுகள் இருந்தன. எல்லோருக்கும் தெரிந்த 'அபியூஸ்' (abuse) என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. படிப்பவர் கண்ணில் அபூர்வச் சொல்தான் படும்; தினம் புழங்குகிற சொல்லை அது தாண்டிப் போய்விடும். சாதாரணச் சொற்களையும் எடுத்தெழுதும்படி வாசகர்களை மரே கேட்டுக்கொண்டார். அப்படியும் போதாமல், அந்தச் சான்றுகளைத் தேடுவதிலேயே அவருடைய பொன்னான நேரம் கரைந்தது. என்னை மிகவும் நெகிழவைப்பது இந்த இடம்தான்: பிறர் சொல்லென்றே எண்ணாதவற்றுக்காக ஒருவர் இரவுகளைச் செலவிட்டிருக்கிறார்.

பத்தாண்டில் முடியும் என்றார்கள். 1884-இல் வந்த முதல் பகுதி 'ஆன்ட்' (ant) என்ற சொல்லோடு நின்றது. 1915-இல் மரே இறந்தபோது அவர் கையிலிருந்த வேலை 'டி' (T) எழுத்தில் இருந்தது. 1928-இல் நிறைவுற்ற அகராதியில் 4,14,825 சொற்களும் 18 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. 'அடிமைப் பெண்' என்று பொருள்படும் 'பாண்ட்மெய்ட்' (bondmaid) என்ற சொல் அதில் இல்லை. அதன் சீட்டுகள் எங்கோ தவறிப்போயிருந்தன. 1933-இன் துணைத் தொகுதியில்தான் அந்தச் சொல்லுக்கு இடம் கிடைத்தது.