குடியுரிமையா, குடிமையுரிமையா?

ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 'குடியுரிமை இயக்கம்' என்று எழுதியிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. "சார், அப்போ மார்ட்டின் லூதர் கிங்குக்கு பாஸ்போர்ட்டே கிடையாதா?"

வகுப்பு சிரித்தது. அவன் கேட்டதில் தப்பில்லை, நான் எழுதியதில்தான் தப்பு.

ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் தகுதியைத்தான் இன்றைய தமிழில் குடியுரிமை என்கிறோம். கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868இல், அரசமைப்பின் 14ஆம் திருத்தம் அதை மாற்றிவிட்டது. குடியுரிமை அன்றே வந்தாயிற்று. அதற்கு ஏறக்குறைய 90 ஆண்டு கழித்தும் பேருந்தில் "எழுந்திரு" என்றார்களே, அதை எதிர்த்துத்தான் இந்த இயக்கம்.

1955 மார்ச் 2, அலபாமாவின் மான்ட்கோமரி நகரம். பள்ளி விட்டு வீடு திரும்பிய 15 வயது கிளாடெட் கோல்வின், வெள்ளைக்காரப் பெண்ணுக்காக இருக்கையை விட மறுத்தாள். இதேபோல் பேருந்தில் இருக்கையை விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதம் முன்பு நடந்தது இது. கட்டணம் கொடுத்திருக்கிறேன், உட்காருவது அரசமைப்பு தந்த உரிமை என்று போலீஸ்காரர்களிடம் சத்தம் போட்டாள். விலங்கு மாட்டி இழுத்துப்போனார்கள். அதற்குச் சற்று முன்புதான் பள்ளியில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பெண்களான ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத் ஆகியோரைப் பற்றிப் படித்திருந்தாள். அந்த இருவரும் தன் தோள்களை அழுத்தி உட்காரவைத்ததுபோல் இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆங்கிலத்தில் 'சிவில் ரைட்ஸ்'. ரோமானியக் குடிமகனைக் குறித்த 'சீவிஸ்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது 'சிவில்'. வாக்களிக்க, பள்ளியில் சேர, ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட என்று குடிமகன் நடைமுறையில் அனுபவிக்க வேண்டிய உரிமைகளே சிவில் உரிமைகள். குடியுரிமை ரேஷன் கார்டு என்றால் இது அரிசி. கார்டு கையில் இருக்கும், கடையில் அரிசி போடமாட்டார்கள்.

இலங்கையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1948 சட்டத்தால் மலையகத் தமிழர் இழந்தது பிரஜாவுரிமை, அதாவது நாம் சொல்லும் குடியுரிமை. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இழந்தது குடியியல் உரிமை, அதாவது சிவில் உரிமை. அவர் இலங்கைப் பிரஜையாகவே இருந்தார், தேர்தலில்தான் நிற்க முடியவில்லை.

நம் ஊரில் குழப்பம் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை 1976இல் திருத்தி, ஆங்கிலத்தில் 'புரொடெக்‌ஷன் ஆஃப் சிவில் ரைட்ஸ் ஆக்ட்' என்று பெயர் மாற்றினார்கள். அதைத் தமிழில் பலரும் 'குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்' என்றே எழுதுகிறார்கள். கிணற்றிலும் கோயிலிலும் டீக்கடையிலும் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்னும் சட்டம் அது. பாஸ்போர்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, வேறு சொல் எது? 'சிவில் உரிமை' என்றே வைத்துக்கொள்ளலாம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்னும் மனித உரிமை அமைப்பு தன் பெயரில் அப்படித்தான் வைத்திருக்கிறது. என் மாணவர்களுக்கோ சிவில் என்றதும் இன்ஜினியரிங்தான் நினைவுக்கு வருகிறது. குடிமையியல் என்ற பாடம் அவர்களுக்குப் பழக்கம் என்பதால் நான் 'குடிமையுரிமை' என்கிறேன்.

இந்தச் சொல்லிலும் பழைய கறை உண்டு. குறளின் 96ஆம் அதிகாரமான 'குடிமை'க்குப் பரிமேலழகர் தரும் பொருள் உயர்குடிப் பிறப்பு. யாழ்ப்பாணத்தில் நிலவுடைமைச் சாதிக்குக் கட்டுப்பட்ட ஊழியத்தைக் குடிமைத் தொழில் என்றார்கள். நம் தென்மாவட்டங்களில் குடிமகன் என்றால் ஊருக்கு முடிவெட்டுபவர். (இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் பையன்கள் டாஸ்மாக்கை நினைத்துச் சிரிக்கிறார்கள், அது வேறு.) பிறப்பையும் ஊழியத்தையும் சுமந்த சொல்லுக்குச் சமவுரிமைப் பொருள் ஏற்றுவதில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட உண்டு.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கடைசி பெஞ்சுக்காரன் நோட்டில் எதையும் அடிக்கவில்லை. 'குடி'க்கும் 'யுரிமை'க்கும் நடுவே ஒரு கூரைக்குறி போட்டு, மேலே 'மை' என்று எழுதிக்கொண்டான்.