துருசில் திறந்த தண்ணீரும் சேர்வர் அறைக் கரண்டும்

போன சித்திரையில் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தின் சேர்வர் அறைக்கு, அதாவது இரவு பகலாக ஓடும் பொதுக் கணினிகள் இருக்கும் அறைக்குப் போயிருந்தேன். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே பல் கிடுகிடுத்தது. ஏசியில் 17 பாகை. ஆனால் இரும்பு அடுக்கின் மேல்தட்டுச் சேர்வர் சூடு தாங்காமல் விசிறியை அலறவிட்டுக்கொண்டிருந்தது. "அண்ணை, ஏசி காணாது, இன்னொன்று போட வேணும்" என்றார் பொறுப்பிலிருந்த தம்பி.

ரிசு பேப்பரில் ஒரு கீலம் கிழித்து, அடுக்கின் முன்பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு தட்டுக்கு எதிரே பிடித்தேன். கீலம் என் முகத்தை நோக்கிப் பறந்தது. கையை வைத்தால் வெக்கை. விஷயம் அவ்வளவுதான்.

சேர்வர் முன்பக்கத்தால் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கத்தால் சூடாகத் தள்ளும். அது தின்னும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. ஒரு கிலோவாட் தின்னும் சேர்வரை ஒரு கிலோவாட் ஹீற்றர் என்றே எண்ணலாம். அந்தச் சூடு வெற்றுத்தட்டு வழியாக முன்னுக்குத் திரும்பி வந்தால், சேர்வர் தான் விட்ட மூச்சையே மறுபடி இழுக்கிறது. ஏசியின் குளிரோ சேர்வரைத் தொடாமல் அறையைச் சுற்றிவிட்டு ஏசிக்கே திரும்புகிறது.

இந்த வீண்செலவை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. கமக்காரருக்கு இது புதிதல்ல. இரணைமடுக் குளத்துத் துருசில் திறந்துவிட்ட தண்ணீர் எல்லாம் வயலுக்கு எட்டுவதில்லை. வாய்க்கால் குடிக்கும், வெயில் குடிக்கும். திறந்த தண்ணீரை எட்டிய தண்ணீரால் வகுத்துப் பாருங்கள். சேர்வர்கள் நிறைந்த கட்டடமான தரவு மையத்திலும் கட்டடம் முழுதும் தின்னும் மின்சாரத்தைக் கணினிகளுக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தால் வகுக்கிறார்கள். பியூஈ என்று பெயர். 2007இல் கிரீன் கிரிட் என்ற கூட்டமைப்பு பரப்பிய அளவு. ஒன்று வந்தால் ஒரு சொட்டும் வீணில்லை. உலகச் சராசரி 1.5க்கும் 1.6க்கும் இடையில் நிற்கிறது. கூகுளின் பெரிய மையங்கள் 1.1 அளவுக்கு இறங்கிவிட்டன.

பெரிய மையங்களில் அடுக்குகளை முகத்துக்கு முகம் பார்க்க வைத்துக் குளிர் பாதை, சூட்டுப் பாதை என்று பிரித்து மூடிவிடுவார்கள். கலப்பு நின்றதும் அறையைக் குளிர்ப்பெட்டி ஆக்கத் தேவையில்லை. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருக்கலாம் என்பதுதான் குளிரூட்டற் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. விசிறியையும் மெதுவாக்கலாம். இதில்தான் பெரிய ஆதாயம்: விசிறி தின்னும் மின்சாரம் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

மண்பானைத் தண்ணீர் குளிரும் முறையிலேயே, நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் மையங்களும் உண்டு. வன்னியில் கச்சான் வீசும் காய்ந்த மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றே ஈரம், பலன் குறைவு. சரி, கச்சானில் மட்டும் ஓட்டலாமே என்றால், அதுதான் சிறுபோகத்துக்குத் தண்ணீர் எண்ணி விடும் காலம். பியூஈ அழகாக இறங்கும், குளமும் சேர்ந்து இறங்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே காற்று மன்னார்த் தீவில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த உபயோகம் போதும்.

பியூஈயிலும் ஒரு பொறி இருக்கிறது. கணினிகள் 10 கிலோவாட், கட்டடம் மொத்தம் 16 என்றால் 1.6. வேலையில்லாத 2 கிலோவாட் சேர்வர்களை நிறுத்துகிறோம், மொத்தம் 13.2க்கு இறங்குகிறது என்று வையுங்கள். 13.2ஐ 8ஆல் வகுத்தால் 1.65. பில் குறைந்தது, மதிப்பெண்ணோ கெட்டது! எண்ணை மட்டும் பார்க்கும் முகாமையாளர் அந்தச் சேர்வர்களை ஓடவே விடுவார். பழைய சேர்வர் வேலையின்றிச் சும்மா ஓடினாலும் முழுவேகத்தில் தின்பதில் பாதியளவு தின்னும்.

தம்பி முதலில் ரெஜிபோம் வெட்டி அடைக்கப் பார்த்தார். வேண்டாம், தீப்பிடிக்கும் என்று தடுத்தேன். பக்கத்து ஒட்டுக்கடையில் தகரம் வெட்டி, வெற்றுத்தட்டுகளை மூடினோம். நாளுக்கு ஒரு பாகையாக ஏசியை 24க்கு ஏற்றினார். மேல்தட்டு விசிறியின் அலறல் அடங்கிவிட்டது. இரண்டாவது ஏசிப் பேச்சும் அதோடு போயிற்று.

அப்புறம்தான் அடித்தட்டில் தூசு படிந்த ஒரு பெட்டி பச்சை விளக்கோடு முனகுவது காதில் விழுந்தது. இது என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணை. நான் வேலைக்கு வரேக்கையே ஓடிக்கொண்டுதான் இருந்தது."