தலை என்றால் கால்விரல்

"மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. எழுத்தெல்லாம் தெரியும், நூறு வரை எண்ணுகிறாள். பள்ளிக்குத் தயாராகிவிட்டாளா என்று அளந்து பார்க்க வழி உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு வினாப்பட்டியலில் 103 கேள்விகள். உடல்நலம், பிறரோடு பழகுவது, உணர்ச்சி முதிர்ச்சி, மொழி, பேச்சு என்று ஐந்து பகுதிகள். குழந்தையைத் தினமும் பார்க்கும் ஆசிரியர் நிரப்புவார். சரி, அது இருக்கட்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்குக் காகிதம்கூட வேண்டாம்.

குழந்தையை எதிரே நிற்க வைத்து, "நான் தலையைத் தொடு என்றால் நீ கால்விரலைத் தொடணும். கால்விரல் என்றால் தலையைத் தொடணும்" என்பார்கள். அது பழகியதும் தோளும் முழங்காலும் சேரும். அப்புறம் விதியே மாறும்: இனி தலைக்கு முழங்கால், தோளுக்குக் கால்விரல்.

'தலை' என்று காதில் விழுந்ததும் சின்னக் கை தானாக மேலே கிளம்பும். தோள் உயரத்தில் தயங்கி நிற்கும். பிறகு குழந்தை சட்டென்று குனிந்து கால்விரலைத் தொடும். நேராகக் கால்விரலைத் தொட்டிருந்தால் 2 மதிப்பெண். தலையையே தொட்டிருந்தால் 0. இப்படிப் பாதியில் திருத்திக்கொண்டதற்கு 1. அந்த 1 தான் எனக்கு அழகு. சொன்னதைக் கவனிப்பது, விதியை நினைவில் வைப்பது, முந்திக்கொண்டு ஓடும் கையைப் பிடித்து நிறுத்துவது என மூன்று வேலைகள் அந்த ஒரு நொடியில் நடக்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இந்தத் திறன் வேகமாக வளர்கிறது.

விதி தெரிந்தால் போதாதா? போதாது. மூன்று வயதுக் குழந்தைகளிடம் முயல் போன்ற படங்கள் உள்ள வண்ண அட்டைகளைக் கொடுத்து முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள், பிறகு வடிவப்படி. "வடிவ விளையாட்டில் முயல் எங்கே போகும்?" என்று கேட்டால் சரியான இடத்தைக் காட்டுவார்கள். அட்டையைக் கையில் கொடுத்தால் பலர் பழையபடி நிறம் பார்த்தே வைப்பார்கள்! வாய்க்குத் தெரிந்தது கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஐந்து வயதில் பெரும்பாலோர் மாற்றி வைத்துவிடுவார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த அளவீடுகளை வைத்து ஒரு குழந்தையைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்புவது தவறு. அந்த 103 கேள்விகளின் முடிவுகளும் வட்டாரவாரியாகத்தான் தொகுக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியா 2009 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்க இதைச் செய்கிறது. எந்த வட்டாரக் குழந்தைகளுக்கு உதவி தேவை என்று அதில் தெரிகிறது. இதற்கு அரசுகள் தாராளமாகச் செலவு செய்யலாம் என்பேன்.

உங்கள் மகளோடு இன்று மாலை விளையாடிப் பாருங்கள். மதிப்பெண் வேண்டாம். கை பாதியில் தயங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.