வைகை வெள்ளத்தில் படகின் தரை வேகம்: மீட்புக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

கண்மாயிலும் தெப்பக்குளத்திலும் படகோட்டிப் பழகியவர்கள், வைகையில் வெள்ளம் வரும்போது அதே கைப்பழக்கத்தை நம்பி ஆற்றில் இறங்கிவிடக் கூடாது. மீட்புப் படகுப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். தேங்கிய நீரில் படகின் வேகம் எதுவோ அதுவே கரையிலிருந்து பார்க்கும் வேகமும் ஆகும். ஆற்றிலோ படகைத் தாங்கும் நீரே நகர்ந்துகொண்டிருப்பதால், கரையைப் பொறுத்த வேகம், அதாவது தரை வேகம், முற்றிலும் வேறாகிவிடுகிறது.

ஆளும் சுமையும் ஏறிய நிலையில், தேங்கிய நீரில் மணிக்கு 12 கி.மீ. செல்லும் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீரோட்டம் 8 கி.மீ. என்றால், ஓட்டத்தோடு போகையில் தரை வேகம் 20. எதிர்த்துப் போகையில் வெறும் 4. போகும்போது இழப்பதை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு கிலோமீட்டர் எதிர்த்துச் செல்ல 15 நிமிடமும் திரும்பிவர 3 நிமிடமும், ஆக 18 நிமிடம் ஆகும். குளத்தில் இதே தூரத்துக்கு 10 நிமிடம் போதும். மெதுவான பயணமே நெடுநேரம் நீடிப்பதால் இழப்பு ஈடாவதே இல்லை, எரிபொருளும் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தீர்கிறது. நீரோட்டம் 12 கி.மீ. ஆகிவிட்டால், இயந்திரம் முழு விசையில் உறுமினாலும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

நீரோட்டத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கரையோரம் 60 மீட்டரை அளந்து இரு முனையிலும் ஆளை நிறுத்தி, மேல்முனைக்குச் சற்று முன்பே ஆற்றின் நடுப்பகுதியில் ஒரு தேங்காய் மட்டையை எறியுங்கள். அது 27 விநாடியில் அந்தத் தூரத்தைக் கடந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர், மணிக்கு 8 கி.மீ. கரையோரத்தில் மிதப்பதை வைத்துக் கணக்கிடாதீர்கள். அங்கே ஓட்டம் பெரும்பாலும் குறைவு. கைபேசியில் ஜி.பி.எஸ். காட்டுவது தரை வேகம் மட்டுமே என்பதும் நினைவில் இருக்கட்டும்.

குறுக்கே கடப்பதில்தான் ஆபத்து மிகுதி. 250 மீட்டர் அகல வெள்ளத்தில், அதே படகின் முகப்பை நேர் எதிர்க்கரைக்கு வைத்து ஓட்டினால் 75 விநாடியில் கரை சேரலாம். ஆனால் அதற்குள் ஏறக்குறைய 167 மீட்டர் கீழே அடித்துச் செல்லப்பட்டிருப்பீர்கள். மதுரை நகருக்குள் அவ்வளவு தூரத்துக்குள் ஒரு பாலத்தின் தூண்களோ தடுப்பணையோ இருக்கக்கூடும். நேராகக் கடக்க, முகப்பை ஏறத்தாழ 42 பாகை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். அப்போது தரை வேகம் 9 கி.மீ. அளவுக்குக் குறைந்து, கடக்க 100 விநாடி ஆகும். அந்தக் கூடுதல் 25 விநாடியைத் தயங்காமல் கொடுங்கள்.

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியில் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடப்படுகின்றன. அணை திறக்கப்பட்டபின் காலையில் அளந்த நீரோட்டம் மாலைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மட்டையை மீண்டும் எறியுங்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், முதலில் எதிரோட்டத்தில் செல்லும்படி புறப்படும் இடத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் நின்றுபோனால், துடுப்பால் படகைக் கரையோரம் ஒதுக்கிக்கொண்டே, ஓட்டத்தின் போக்கில் உங்கள் ஆட்கள் கயிற்றோடு காத்திருக்கும் இடத்துக்கு வந்து சேரலாம்.