ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் ஓடுவதும் ஆறுதான்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாரூர் ஏரி நிரம்பினால்தான் பெனுகொண்டாபுரம் ஏரிக்குத் தண்ணீர். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, தென்பெண்ணையில் இருக்கும் நெடுங்கல் தடுப்பணையிலிருந்து கால்வாயில் பாரூருக்கு வரும் தண்ணீர், அந்த ஏரி நிறைந்து கோடி வழியாக, அதாவது உபரி நீர் வெளியேறும் வழியாக, வழிந்த பிறகுதான் அடுத்த ஏரிக்கு நகரும். இப்படித் தொடராக அமைந்த ஏரிகளைத் தனித்தனிக் குட்டைகளாகப் பார்ப்பது பெரிய தவறு. அது படிப்படியாக நின்று நின்று இறங்கும் ஒரே ஆறு.

ஏன் நிறுத்த வேண்டியிருக்கிறது? ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி 500 மீட்டர் பக்கம். இந்தச் சரிவில் பெய்த மழை நிற்காது. அடியில் கடினமான பாறை என்பதால் மேலே சிதைந்து கிடக்கும் அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்க முடியும், அதற்குள் இறங்க நேரமும் வேண்டும். அந்த நேரத்தைத்தான் ஏரி கொடுக்கிறது. கரைக்குக் கீழே கிணறுகள் ஊறுகின்றன, ஊறியதில் ஒரு பங்கு மறுபடி ஓடையில் கசிந்து கீழ் ஏரிக்கே போய்ச் சேருகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்: மேலே ஒருவர் பாய்ச்சிய தண்ணீரைக் கீழே இன்னொருவரும் பாய்ச்சுகிறார்.

சரி, வெள்ளம் வந்தால்? 100 ஹெக்டேர் ஏரியில் மட்டம் ஒரே ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே 10,000 கன மீட்டர் தண்ணீர் உள்ளே தங்குகிறது, அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 800 லோடுக்கு மேல். உள்ளே சீறி வருவது கோடி வழியாக மெதுவாகத்தான் வெளியேறும், வண்டலும் வேகம் குறைந்த இடத்திலேயே படிந்துவிடும். முடிந்தவரை கரையின் ஓரத்தில் பாறை தென்படும் இடமாகப் பார்த்துக் கோடி அமைத்ததும் காரணத்தோடுதான். மண்கரை மேல் தண்ணீர் ஏறினால் கரையே அரித்துப் போகும்.

ஆனால் ஏரி ஏற்கெனவே நிறைந்திருந்து, மழையும் விடாமல் கொட்டினால் தாங்கும் அளவு சுருங்கிவிடும். அப்போது எல்லாமே கோடிக்குக் கீழே உள்ள ஓடையின் அகலத்தைப் பொறுத்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வாகனங்களை இழுத்துப் போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். வருஷம் முழுக்க வறண்டு கிடக்கும் ஓடைக்கு அவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அந்த அகலம் அப்படிப்பட்ட ஒரு நாளுக்காகத்தான். மனை வாங்கும் முன் புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.