சாதாரணக் கட்டியை எடுத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு பெட் ஸ்கேன் எதற்கு?

தொடையிலிருந்த கொழுப்புக் கட்டியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் அகற்றிக்கொண்ட விசைத்தறித் தொழிலாளி ஒருவர், அண்மையில் ஒரு பை நிறைய ஸ்கேன் படங்களோடு என்னிடம் வந்தார். சாதாரண லைப்போமா, புற்றுநோய் இல்லை என்று பயாப்சி அறிக்கை தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆனாலும், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் முழுவதையும் பெட் சி.டி. (பெட் ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும் சேர்ந்தது) எடுத்திருக்கிறார்கள். கடைசிப் படத்தில் தொடையில் எதுவுமில்லை. தைராய்டில் ஒரு புள்ளி ஒளிர்ந்திருந்தது. அதற்கு ஊசிப் பரிசோதனை, முடிவு வரும்வரை வேலைக்குப் போக மனமில்லாத நாட்கள், வட்டிக்கு வாங்கிய பணம். கடைசியில் அங்கும் ஒன்றுமில்லை. இத்தகையவர்களைத் தொடர்ந்து பார்த்துப் பார்த்துச் சலித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு அடிக்கடி ஸ்கேன் எடுக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்னும் நம்பிக்கையை மாற்றுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. ஸ்கேன் எந்தக் கட்டியையும் வராமல் தடுப்பதில்லை. படம் எடுத்த அன்று உடல் எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அறுவைக்குப் பிறகு மருத்துவர்களான நாங்கள் தேடுவது இரண்டே: எடுத்த இடத்தில் கட்டி மறுபடி வளர்கிறதா, நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவியிருக்கிறதா. சாதாரண லைப்போமா பரவாது. மறுபடி வளர்வதும் அரிது. கை கால்களில் வரும், அடிபிகல் லைப்போமா என்னும் சற்றே மாறுபட்ட வகை (அதன் செல்களில் எம்.டி.எம்.2 என்ற மரபணு அளவுக்கு மேல் பெருகியிருக்கும்) எடுத்த இடத்திலேயே திரும்ப வளரக்கூடும் என்றாலும், மெதுவாக, பல ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் தலைகாட்டும். வீரியமான வகையாக உருமாறினாலொழிய அது பரவுவதில்லை. எட்டாம் ஆண்டில் வரக்கூடிய ஒன்றை முதல் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை படம் எடுத்து எப்படிப் பிடிப்பது?

அதிலும் பெட் ஸ்கேன் இங்கே பொருந்தவே பொருந்தாது. சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் இடங்களையே அது ஒளிர்த்துக் காட்டுகிறது. வேகமின்றி வளரும் கொழுப்புக் கட்டிகள் சர்க்கரையை அவ்வளவாக எடுப்பதில்லை. ஆறிக்கொண்டிருக்கும் அறுவைக் காயமோ நன்றாகவே எடுக்கும். ஆகவே இருப்பதைக் காட்டாமல் விடவும், இல்லாததைக் காட்டிப் பயமுறுத்தவும் அதனால் முடியும். கதிர்வீச்சும் சேர்ந்துகொள்கிறது: மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), மார்பு சி.டி.க்கு ஏறத்தாழ 7, முழு உடல் பெட் சி.டி.க்குப் பொதுவாக 10 முதல் 25 வரை. இயற்கையிலிருந்து ஓர் ஆண்டில் நம் உடலுக்கு வந்துசேர்வது உலகச் சராசரியில் 2.4 முதல் 3 வரை மட்டுமே.

படம் பார்த்து அறிக்கை எழுதுபவரின் சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய படமும் அறுவைக் குறிப்பும் பயாப்சி அறிக்கையும் இல்லாமல், 'ஃபாலோ அப்' என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பினால், தழும்பையும் அறுவை செய்த இடத்தில் தேங்கிய நீரையும் பார்த்து, மீண்டும் வளர்ந்திருக்கும் வாய்ப்பை மறுக்க இயலாது என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்த ஒரு வரி அடுத்த ஸ்கேனுக்குச் சீட்டாகிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கேனை நிறுத்திவிட வேண்டாம். வயிற்றின் பின்பகுதியில் வளர்ந்த கொழுப்புக் கட்டி மெல்ல வளரும் வகையாக இருந்தாலும் கைக்குத் தட்டுப்படாது, அங்கே சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். மிக்சாய்டு லைப்போசார்கோமா என்னும் கொழுப்புத் திசுப் புற்றுநோய், லைப்போமாவோடு பெயரில் ஒத்திருந்தாலும், முதுகெலும்புக்கும் பரவக்கூடியது. அதற்கான கண்காணிப்பே வேறு. சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்) வீரியம் குறைந்ததானாலும் நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்த இடத்தைப் பரிசோதிப்பதும், நீண்ட இடைவெளிகளில் மார்புப் படம் எடுப்பதும் அவசியம். ஆக, எதை, எப்போது எடுப்பது என்பதைக் கட்டியின் வகையும் இடமும் தீர்மானிக்க வேண்டும். நம் பயமோ மாஸ்டர் செக்கப் தள்ளுபடியோ அல்ல.

எனவே, எடுத்த கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். சின்னக் கட்டிதானே என்று பயாப்சிக்கு அனுப்பாமல் விடுவதை என்னால் மன்னிக்கவே முடிவதில்லை. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியதோ தசைக்குள் ஆழமாக இருப்பதோ என்றால், கத்தி வைப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. வேண்டும். அந்த ஸ்கேனுக்குத் தயங்குகிறவர்கள் பிறகு பெட் ஸ்கேனுக்கு ஓடுவது எனக்கு விளங்கவே இல்லை. பயாப்சி அறிக்கையின் மூலப்பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

கை கால்களில் கட்டி எடுத்தவர்கள் மாதம் ஒருமுறை குளிக்கும்போது தழும்பையும் அதைச் சுற்றியும் அழுத்தித் தடவிப் பாருங்கள். புதிய தடிப்போ, வளர்கின்ற வீக்கமோ, இரவில் வலியோ தெரிந்தால், அடுத்த தவணை வரட்டும் என்று காத்திராமல் வந்துவிடுங்கள். தோலுக்கு அடியில் இருப்பதை அல்ட்ராசவுண்டே காட்டிவிடும், ஆழத்தில் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுப்போம். வரும்போது பழைய படங்கள் எல்லாவற்றையும் தயவுசெய்து எடுத்து வாருங்கள்.