ஸ்ட்ரீமிங்: தமிழில் ஒழுகிசை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக் கடைகளில் போய் "பழைய ஸ்டீரியோவுக்கு ஸ்ட்ரீமிங் வேண்டும்" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது புளூடூத் ரிசீவர்தான். அது மோசமான பொருள் இல்லை, ஆனால் கேட்டது அது இல்லை. புளூடூத், வைஃபை, வயர்லெஸ், ஸ்ட்ரீமிங் நான்கையும் ஒரே பொருளில் பேசிப் பேசி வந்த குழப்பம் இது. அல்சூர், சிவாஜி நகர் பக்கம் நம்மவர் வீடுகளில் எண்பதுகளில் வாங்கின அருமையான ஆம்ப்ளிஃபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கரும், "இதில் ஃபோன் பாட்டு வராது" என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. வரும், நன்றாகவே வரும். அதற்குமுன் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஸ்ட்ரீம் என்றால் ஆங்கிலத்தில் ஓடை, நீரோட்டம். பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல். ஒழுகுவதைக் குறிக்கும் வடமொழி 'ஸ்ரவதி'யும் இதற்கு உறவு. கணினிக்குள் இது பாட்டோடு சேர்ந்து வரவில்லை. நின்று நின்று போகாமல் ஒரே ஓட்டமாக ஓடித் தரவைப் பதியும் டேப் டிரைவ்களை முன்பே இப்படிச் சொல்லி வந்தார்கள். 1995-ல் ரியல்ஆடியோ என்ற மென்பொருள் வந்தது. முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்காமல் இணையத்தில் ஒலியைக் கேட்க முடிந்தது, சொல்லும் பாட்டோடு ஒட்டிக்கொண்டது.

ஆனால் காரியம் சொல்லைவிட மூத்தது. 1881-ல் பாரிஸில் நடந்த மின்பொருட்காட்சியில், ஓப்பரா மேடையில் நடந்த பாட்டைக் கிளெமான் அதேர் என்ற பொறியாளர் தொலைபேசிக் கம்பி வழியாக வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு கருவி வைத்துக் கேட்டவர்களுக்கு இடமும் வலமும் பிரிந்தே கேட்டது. ஸ்டீரியோவாகவும் இருந்தது, ஓடிவந்த பாட்டாகவும் இருந்தது, அத்தனையும் கம்பியில்! ஆக, வயர்லெஸ் வேறு, ஸ்ட்ரீமிங் வேறு. முன்னது பாட்டு வரும் வழி. பின்னது வரும் விதம்: சேர்த்து வைத்துக்கொண்டு கேட்காமல், வரவரக் கேட்பது.

டவுன்லோட் ஏரி என்றால் ஸ்ட்ரீமிங் கால்வாய். கால்வாயிலும் நடுவில் கொஞ்சம் தேக்கினால்தான் சீராக ஓடும். பாட்டில் அந்தத் தேக்கத்தைத்தான் பஃபர் என்கிறோம். வேதியியல் பாடத்தில் பஃபரைத் 'தாங்கல்' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள், வேடந்தாங்கலில் வரும் தாங்கலுக்கோ சிறிய ஏரி என்று பொருள், அதனால் இங்கேயும் அந்தச் சொல் எத்தனை அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

சரி, வீட்டு ஸ்டீரியோவுக்கு வருவோம். புளூடூத் ரிசீவர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். அதில் இணையத்திலிருந்து பாட்டை எடுப்பது ஃபோன்; எடுத்ததைத் திரும்பச் சுருக்கிப் பெட்டிக்கு அனுப்புவதும் ஃபோன். எல்லாக் கருவியும் பேசும் எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரைதான் போகும், சிடியில் இருப்பதோ 1,411. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், ஃபோனோடு மொட்டை மாடிக்குப் போனாலும் நிற்கும். வைஃபை பெட்டி அப்படி இல்லை, பாட்டை இணையத்திலிருந்து அதுவே நேரே எடுத்துக்கொள்ளும், ஃபோன் வெறும் ரிமோட். 'ஸ்ட்ரீமர்' என்ற பெயர் உண்மையில் இதற்குத்தான் உரியது. வைஃபை என்ற பெயரே 1999-ல், உயர்தர ஒலியைக் குறிக்கும் ஹைஃபை என்ற சொல்லின் சாயலில் உண்டாக்கியது, ஆகவே பழைய ஹைஃபைக்குப் பக்கத்தில் அது உட்காருவது பொருத்தம்தான். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ இந்த வேலைக்கென்றே 2015-ல் 35 டாலருக்கு வந்து 2019-ல் நின்றுபோனது. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். புதிதாக என்றால் வீம் மினி மாதிரிப் பெட்டிகள் இருக்கின்றன, சில ஆயிரம் ஆகும். கைவேலை தெரிந்தவர்கள் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் வொலுமியோ என்ற பாட்டு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட மலிவான வழி, ஹெட்ஃபோன் ஓட்டை உள்ள பழைய ஃபோன் ஒன்றை வைஃபையில் இணைத்து, ஒரு கேபிளோடு ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துவிடுவது.

எதை வாங்கினாலும் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஆக்ஸ், டேப், டியூனர், சிடி என்று எழுதின சிவப்பு வெள்ளைத் துளைகளில் செருகுங்கள். ஃபோனோ என்று எழுதின துளையில் மட்டும் வேண்டாம். அது ரெகார்ட் பிளேயரின் மெல்லிய சிக்னலுக்காக அமைந்தது, பாட்டை இரைச்சலும் கரகரப்புமாகக் கெடுத்துவிடும்.

இனித் தமிழ்ச் சொல். வயர்லெஸ்ஸுக்குக் கம்பியில்லாத் தந்தி காலத்திலிருந்தே 'கம்பியில்லா' இருக்கிறது. புளூடூத்துக்கு ஊடலை, வைஃபைக்கு அருகலை என்று புழங்குகிறார்கள். ஸ்ட்ரீமிங்குக்குத் தாரை, ஓடை என்று சிலர் எழுதுகிறார்கள், வீடியோவுக்கு அவை போதும். பாட்டுக்கு நான் சொல்வது ஒழுகிசை. இது நான் கட்டினதில்லை. யாப்பில் வெண்பாவின் செப்பலோசையை ஏந்திசை, தூங்கிசை, ஒழுகிசை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தடையில்லாமல் ஒழுகிச் செல்லும் ஓசை என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது, இசை என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. ஒழுகுவது என்றால் கூரை ஒழுகுவது ஞாபகம் வரும் என்பார்கள். வரட்டும், அன்பொழுகப் பேசினார் என்றும் நாம்தானே சொல்கிறோம்? ஒழுகிசைப் பெட்டி, ஒழுகிசைச் செயலி, ஒழுகிசைக் கட்டணம் என்று எப்படிச் சேர்த்தாலும் நாக்கில் சிக்குவதில்லை. புளூடூத் ரிசீவரை மட்டும் இந்தப் பெயரால் அழைக்காதீர்கள், அதற்கு ஊடலை வாங்கி என்பதே சரி.